உயிருள்ள சரக்கு

வட்டி, ஜகாத், கூட்டு வியாபாரம், வாரிசுப் பங்கு என்று நம் வியாபாரிகளுக்கு வேண்டிய விஷயங்கள் இவ்விதழ்களில் அடிக்கடி ஆராயப்படுவது வழக்கம். இம்முறை நாம் எடுத்துக்கொண்டிருப்பதோ ஒரு விரல் நீளமே உள்ள ஒரு ஜந்துவின் விஷயம். வாசக அன்பர்கள் சிரிக்கக்கூடும். சிரித்து முடித்தபின் படித்தாலும் போதும்.

ஆங்கிலேயர் அதை நியூட் என்கிறார்கள். தமிழில் அதற்கென்று வழக்கில் ஒரு பெயர் இல்லை. தமிழ்நாட்டில் அந்தப் பிராணியே இல்லாதபோது பெயர் எங்கிருந்து வரும்? மலாயாத் தீபகற்பத்திலும் அது கிடையாது. குளிர்ந்த நாடுகளின் குளங்களிலும் ஓடைகளிலும் வாழ்வது. இந்தியாவில் அதன் உறவினம் ஒன்றைக் காண வேண்டுமானால் டார்ஜிலிங் மலைப்பக்கம் போக வேண்டும். நம் வசதிக்காக அதை நீர்ப்பல்லி என்று சொல்லிக்கொள்வோம். பல்லி என்றவுடன் யாரும் துடைப்பத்தைத் தேட வேண்டாம். உருவந்தான் பல்லி, உறவெல்லாம் தவளையோடுதான். ஈரமான தோல், நீரில் இடும் முட்டை, குஞ்சுக்குக் கழுத்தோரம் இறகுபோல் விரியும் செவுள்.

2024 ஏப்ரலில் இங்கிலாந்தின் வடபகுதியில் இருக்கும் நம் சகோதரி மகன் வீட்டில் பத்து நாள் தங்கியிருந்தோம். அவர் ஒரு கணக்காய்வு அலுவலகத்தில் வேலை பார்க்கிறார். வீட்டின் பின்னறையில் அடுப்பும் இல்லை, வெப்பக் குழாயும் இல்லை. அங்கே ஒரு கண்ணாடித் தொட்டி; அதனுள் ஆறு ஜப்பானிய நீர்ப்பல்லிகள். முதுகு கறுப்பு, வயிறு குங்குமச் சிவப்பு. அந்தச் சிவப்பு, "என்னைத் தின்னாதே" என்று பிற பிராணிகளுக்கு அது காட்டும் எச்சரிக்கையாம். அதன் உடலில் இருக்கும் நஞ்சு, ஜப்பானியர் பயந்து பயந்து உண்ணும் பேத்தை மீனின் நஞ்சேதான். ஆகவே தொட்டியில் கை வைத்தவர் கையைக் கழுவாமல் சாப்பாட்டுக்கு உட்காரக் கூடாது.

இந்த ஆறும் அவர் விலைக்கு வாங்கியவை அல்ல. பக்கத்து வீட்டில் இருந்த ஆங்கிலேய முதியவர் ஒருவர், இனித் தனியே வாழ முடியாமல் முதியோர் இல்லத்துக்குப் போகும்போது இவரிடம் ஒப்படைத்துவிட்டுப் போனவை. கூடவே ஒரு நோட்டுப் புத்தகத்தையும் கொடுத்தார். அதன் முதல் பக்கத்தில் வாங்கிய ஆண்டு எழுதியிருந்தது: 2001. அஃதாவது, நம் மருமகன் பள்ளிக்கூடம் போகத் தொடங்கும் முன்பே அவை அந்தத் தொட்டிக்கு வந்துவிட்டன. இதில் மிகையேதும் இல்லை. ஜப்பானிய நீர்ப்பல்லிகளின் கண் வில்லையை அகற்றினால் மீண்டும் வளர்கிறதா என்று ஜப்பானிலும் அமெரிக்காவிலும் சில விஞ்ஞானிகள் 16 ஆண்டுகளில் 18 தடவை சோதித்தார்கள். ஒவ்வொரு தடவையும் புதிய வில்லை பழுதின்றி வளர்ந்தது. சோதனை முடிந்து 2011-ல் அதை வெளியிட்டபோது, அந்தப் பிராணிகளுக்கு வயது குறைந்தது 30 இருக்கும் என்று கணக்கிட்டார்கள். அந்தக் கண்களை அத்தனை முறை அறுத்தது நியாயமா என்பது வேறொரு நாள் பேச வேண்டிய விஷயம்.

நாம் போனது அவை முட்டையிடும் பருவம். பெண் நீர்ப்பல்லி நீர்ச்செடியின் ஓர் இலையைப் பின்னங்கால்களால் பற்றி மடிக்கிறது. மடிப்பின் நடுவே ஒரே ஒரு முட்டையை வைக்கிறது. பிறகு இலையை இறுக்கி ஒட்டிவிடுகிறது. நம் மளிகைக் கடையில் கைதேர்ந்த பையன் காகிதத்தில் ஏலக்காய்ப் பொட்டலம் மடிப்பான் அல்லவா, அதே வேகம், அதே நேர்த்தி. அடுத்த முட்டைக்கு அடுத்த இலை. ஒரு பருவத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட பொட்டலங்கள். பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அஸர் நேரம் வரும்வரை நாம் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். பொழுதுபோக்கு என்பார் பொழுதுபோக்கு என்று சொல்லட்டும். படைத்தவனின் வேலையைப் பார்த்துப் பிரமிப்பதும் அதில் அடங்கும்.

இனித் தொல்லையைச் சொல்ல வேண்டும். முந்தைய ஆண்டின் முட்டைகளிலிருந்து வந்த குஞ்சுகள் 140, அறையின் மறுபுறம் சிறு சிறு பெட்டிகளில் இருந்தன. அவை நீரில் இருந்த மாதங்களில் ஒன்றன் காலை ஒன்று கடித்துத் தின்றுவிடும் என்பதால் பிரித்துப் பிரித்து வைத்திருக்கிறார். கால் மறுபடி முளைத்துவிடும் என்றாலும் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா? அவற்றுக்கு அசைகிற இரைதான் வேண்டும். ஆகவே உப்புநீரில் மிகச் சிறிய இறால் பூச்சிகளைப் பொரிக்க வைத்து, இஷா தொழுதபின் நள்ளிரவு வரை வடிகட்டி ஊட்டியிருக்கிறார். மூன்று நான்கு மாதத்தில் செவுள் சுருங்கிக் கரையேறிவிட்டால் இரையின் வகையே மாறிவிடுகிறது. அப்புறம் கடுகளவுப் பூச்சிகளையும் அவரே வளர்க்க வேண்டும். மனிதர் அலுவலகத்தில் ஊரார் கணக்கைப் பார்க்கிறார். வீட்டில் இந்தக் கணக்கு.

ஒரு நாள் இரவு சாப்பாட்டுக்குப்பின் அவர் கேட்டார்: "மாமு, ஒரு கடைக்காரர் எல்லாவற்றையும் ஒரே தடவையாக எடுத்துக்கொள்கிறேன் என்கிறார். ஒன்றுக்கு ஐந்து பவுன். கொடுத்துவிடலாமா?"

140 ஐ ஐந்தால் பெருக்க நமக்கு எவ்வளவு நேரமாகும்! "இதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது வாப்பா? வாங்குகிறவன் வந்தான், விலை வந்தது. சரக்கைக் கட்டிக் கொடு" என்றோம்.

சொல்லிவிட்டுப் படுத்தோம். தூக்கம் வரவில்லை. குளிர் என்று முதலில் நினைத்தோம். பிறகுதான் புரிந்தது, குறுக்கே வந்து நின்றது குளிர் அல்ல, ஆமை.

1983-ல் பினாங்கில் நம் கடையில் குடை, எழுதுகோல், விளையாட்டுச் சாமான் விற்றுக்கொண்டிருந்தோம். சரக்குக் கொண்டுவரும் ஒருவர், "இதையும் வைத்துப் பாருங்கள், குழந்தைகள் விடமாட்டார்கள்" என்று ஒரு பேசின் நிறைய ஆமைக்குஞ்சுகளை ஐந்தடியில் இறக்கினார். ஐம்பது காசு நாணயத்தைவிடச் சற்றே பெரிது. பச்சை ஓடு, காதோரம் சிவப்புக் கோடு. அமெரிக்காவின் மிஸிஸிப்பி ஆற்றுப்பக்கம் அவற்றின் சொந்த ஊர் என்பது நமக்கு அப்போது தெரியாது. பிளாஸ்டிக் தென்னை மரம் வைத்த ஒரு தட்டோடு சேர்த்து விற்றோம். நன்றாகவே ஓடியது. ஒரு நாள் மகனைக் கையில் பிடித்துக்கொண்டு வந்த ஒரு தாய், "பாய், இது எவ்வளவு பெரிதாக வளரும்?" என்று கேட்டார். "இவ்வளவுதான் அம்மா" என்றோம்.

அது சாப்பாட்டுத் தட்டளவு வளரும். இருபது முப்பது ஆண்டு உயிரோடிருக்கும். நாம் அறியாமல் சொன்னோம் என்பது சமாதானம் ஆகாது. தெரியாததைத் தெரிந்தவர்போல் சொன்னோம். தெரிந்துகொள்ளவும் முடியாத காலம் அல்ல அது. நான்கு அங்குலத்துக்குக் குறைந்த ஆமைகளைச் சில்லறையில் விற்பதை அமெரிக்க அரசாங்கம் குழந்தைகளுக்கு நோய் வருகிறதென்று 1975-லேயே தடுத்திருந்தது. பல வருஷங்களுக்குப்பின் ஒரு பூங்காக் குளத்தருகே போனபோது, கல்மேல் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி வெயில் காய்ந்துகொண்டிருந்த ஆமைகளைக் கண்டோம். எல்லாவற்றுக்கும் காதோரம் சிவப்புக் கோடு. நாம் விற்றவையா, வேறு கடையில் விற்றவையா, யார் கண்டது? உள்ளூர் ஆமை அந்தக் கல்மேல் ஒன்றுகூட இல்லை.

நம்மவர்களுக்குத் தெரிந்த ஒரு செய்தி உண்டு. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்தார்கள். மேலே காய்ந்திருந்தது, அடியில் ஈரம். ஈரத்தை மேலே தெரியும்படி வைத்திருக்கக் கூடாதா என்று அந்த வியாபாரியைக் கேட்டார்கள். அரிசி மூட்டையில், துணியில், மசாலாவில் இதை நாம் மறப்பதில்லை. மறந்தால் வாடிக்கைக்காரர் நினைவூட்டிவிடுவார். உயிருள்ள சரக்கில் ஈரம் எது? அதன் ஆயுள்தான். இருபது வருஷம் உயிரோடிருக்கும் என்பதும், குளிர்ந்த நீர் இல்லாவிட்டால் நோயுறும் என்பதும், நூறு குஞ்சு பொரிக்கும் என்பதும் குவியலின் அடியில் கிடக்கிற ஈரம். வாங்குகிறவர் பார்ப்பது மேலே இருக்கிற அழகை மாத்திரமே. மற்றச் சரக்கில் ஏமாந்தவர் திரும்பி வந்து சண்டை போடுவார். இந்தச் சரக்கில் நஷ்டம் சரக்குக்கே. அது வந்து பில்லைக் காட்டுமா?

அப்படியானால் ஆசைக்காகப் பிராணி வளர்ப்பதே தவறு என்று சிலர் சொல்வார்கள். நமக்கு அந்த அபிப்பிராயம் இல்லை. அபூ உமைர் என்ற சிறுவர் ஒரு குருவியை வைத்து விளையாடியதையும், அது இறந்தபோது பெருமானார் அவரிடம் பரிவோடு அதைப் பற்றி விசாரித்ததையும் மதரஸாப் பிள்ளைகளும் சொல்வார்கள். கண்ணுக்கும் மனதுக்கும் இதமாக ஓர் உயிரை வைத்திருக்கலாம் என்பதற்கு அறிஞர்கள் இதை ஆதாரமாகக் கொண்டார்கள். ஆனால் தாய்க்குருவியிடமிருந்து பிடித்து வந்த குஞ்சுகளைத் திருப்பிக் கொண்டுபோய் விடச் சொன்னதும் அதே பெருமானார்தான். பூனையைக் கட்டிப்போட்டு, தானும் இரை கொடுக்காமல், தேடித் தின்னவும் விடாத பெண்ணின் கதி என்னவென்று நமக்குத் தெரியும்.

நம்மில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாஃபி மத்ஹபின் பேரறிஞர்களில் ஒருவர் இஸ்ஸுத்தீன் இப்னு அப்துஸ் ஸலாம். டமாஸ்கஸில் பிறந்து கெய்ரோவில் 1262-ல் மறைந்தவர். மனிதன்மேல் பிராணிகளுக்குள்ள உரிமைகளை அவர் வரிசையாக எழுதியிருக்கிறார். அவற்றுள் முதலில் வருவதை நினைத்துப் பாருங்கள்: அதற்கான செலவை உடையவன் செய்தாக வேண்டும், கிழமாகிவிட்டாலும், நோயுற்று இனி எந்தப் பலனும் தராது என்றாகிவிட்டாலும் செய்தாக வேண்டும். எந்த முதலாளி இப்படி ஒரு செலவைப் பேரேட்டில் மனமுவந்து எழுதுவார்? வரவுப் பக்கம் காலி. பற்றுப் பக்கம் மட்டும் வருஷா வருஷம் நீளுகிறது. அந்த ஆங்கிலேய முதியவர் இதைப் படித்தவரல்லர். ஆயினும் 2001 முதல் அந்த நோட்டில் ஒரு வாரம் தவறாமல் எழுதி வந்திருக்கிறார்.

இங்கே ஒரு கேள்வி எழும். ஆட்டையும் கோழியையும் நாம் விற்கவில்லையா, அறுத்துத் தின்னவில்லையா, ஒரு விரல் பிராணிக்கு இத்தனை விசாரமா? நியாயமான கேள்விதான். ஆட்டின் விஷயத்தில் மனிதனின் பசி சாட்சி சொல்ல வரும். அறுக்கும் முறைக்கும் சட்டம் இருக்கிறது. கணக்கும் குறுகிய காலத்தில் முடிந்துவிடுகிறது. வீட்டுத் தொட்டியில் பொரிக்க வைத்த குஞ்சுக்கு யார் பசி சாட்சி? நாம் பார்த்து மகிழ வேண்டும் என்பதற்காக மட்டும் அந்த 140 உயிர்களும் உலகத்துக்கு வந்தன. நாம் இலையைத் தொட்டியில் வைத்திராவிட்டால் அவை இல்லை. ஆகவே இந்தக் கணக்கில் பங்காளி என்று கையைக் காட்ட வேறு யாரும் இல்லை.

பெரிய வியாபாரத்தில் இந்தக் கணக்கு எப்படிப் போயிற்று என்பதையும் சொல்ல வேண்டும். 2001 முதல் 2009 வரை சீன நீர்ப்பல்லி என்ற ஒரே இனத்தில் 23 இலட்சத்துக்கும் மேலானவை அமெரிக்காவில் இறக்குமதியாயின. மலிவான பிராணி, பையன்கள் கைக்காசுக்கு வாங்கலாம். இப்படி ஆசியாவிலிருந்து போன நீர்ப்பல்லிகளோடு ஒரு பூஞ்சைக் காளானும் கப்பலேறியது. ஆசிய இனங்கள் அதோடு நெடுங்காலமாகப் பழகியவை; பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். ஐரோப்பிய இனங்களுக்கு அது தோலைத் தின்னும் நோய். நெதர்லாந்தின் தெற்கே ஒரு காட்டில் ஃபயர் சாலமண்டர் என்ற கறுப்பும் மஞ்சளுமான அழகிய இனம் 2010 முதல் செத்து விழத் தொடங்கியது. சில ஆண்டுகளில் நூற்றுக்கு நான்கு மட்டுமே மிஞ்சின. பெல்ஜியத்தின் கெண்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆன் மார்ட்டல் என்ற அம்மையாரும் அவர் குழுவினரும் 2013-ல் அந்தக் காளானைக் கண்டுபிடித்துப் பெயரிட்டார்கள். 2016-ல் அமெரிக்கா இந்த வகைப் பிராணிகளில் 201 இனங்களின் இறக்குமதியை நிறுத்தியது. இவற்றை ஏற்றி அனுப்பியவர்களும் நம்மைப் போன்ற வியாபாரிகள்தாம். கெட்ட எண்ணம் அவர்களுக்கு இருந்ததென்று நாம் நினைக்கவில்லை. "இவ்வளவுதான் அம்மா" என்று சொன்ன நமக்கு இருந்ததா?

நமக்குச் சற்று அருகில் லாவோஸ் நாட்டில் நடந்தது இன்னும் வேதனை. அங்கே மலையோடைகளில் மட்டும் வாழும் ஒரு நீர்ப்பல்லியை 2002-ல் விஞ்ஞானிகள் முதன்முறையாக உலகுக்கு அறிவித்தார்கள். எந்த ஓடையில் கிடைக்கும் என்பதையும் முறைப்படி எழுதினார்கள். அந்தக் கட்டுரையையே வழிகாட்டியாக வைத்துக்கொண்டு வெளிநாட்டு வியாபாரிகள் போய், கிராமத்தாருக்குக் காசு கொடுத்து அள்ளி வந்தார்கள். அறிவித்தவர்களில் ஒருவரே 2006-ல் வேறு சிலருடன் சேர்ந்து, நாங்கள் எழுதியதே அதற்கு ஆபத்தாகிவிட்டது என்று பொருள்பட ஒரு விஞ்ஞானப் பத்திரிகையில் எழுத நேர்ந்தது. ஈரானின் லோரெஸ்தான் மலைகளில் வாழும் கைஸர் நீர்ப்பல்லிக்கும் இதே கதி வரவிருந்தது. 2010-ல் தோஹாவில் கூடிய சர்வதேச மாநாட்டில், காட்டில் பிடித்த அந்த இனத்தை நாடு விட்டு நாடு விற்பது தடுக்கப்பட்டது.

வீட்டில் வளர்த்துப் பெருக்குபவர்கள் இந்த இடத்தில் ஒரு நியாயம் சொல்கிறார்கள். நாங்கள் தொட்டியில் பொரிக்கும் ஒவ்வொரு குஞ்சும் காட்டில் பிடிபடாமல் தப்பிய ஒன்று என்கிறார்கள். இதில் பாதிக்குமேல் உண்மை இருக்கிறது. கைஸர் நீர்ப்பல்லியை இன்று ஐரோப்பாவில் பலர் வீட்டிலேயே பொரிக்க வைக்கிறார்கள். காட்டுச் சரக்கு நோயோடு வரும், வீட்டுச் சரக்கு ஆரோக்கியமாக வரும் என்பதும் மெய். ஆகவே, வளர்க்க ஆசைப்படுபவர் வீட்டில் பிறந்ததையே வாங்க வேண்டும் என்று நாமும் சொல்வோம்.

ஆனால் அதைக் கொண்டு "நாங்கள் இனத்தையே காப்பாற்றுகிறோம்" என்று மார்தட்டும்போதுதான் நமக்கு ஆக்ஸலாட்டல் நினைவு வருகிறது. மெக்ஸிக்கோ தலைநகரத்தின் பழைய ஏரிகளில் வாழ்வது, நீர்ப்பல்லிக்கு உறவு, வாழ்நாள் முழுதும் குஞ்சுபோலச் செவுளோடு நீரிலேயே இருந்துவிடும். 1864-ல் சில பாரிஸுக்குக் கொண்டுபோகப்பட்டன. அவற்றில் ஆறு, ஓகுஸ்த் துமேரில் என்ற பேராசிரியர் கையில் பெருகி, ஐரோப்பாவின் ஆராய்ச்சிக்கூடங்களுக்கெல்லாம் பரவின. இன்று உலகெங்கும் கண்ணாடித் தொட்டிகளில் அது ஏராளம். சொந்த ஊரில்? சோசிமில்கோ கால்வாய்களில் 1998-ல் ஒரு சதுரக் கிலோமீட்டருக்கு 6,000 என்று கணக்கிட்டார்கள், 2014-ல் 36. உணவுக்காகக் கொண்டுவந்து விடப்பட்ட கெண்டையும் திலாப்பியாவும், நகரத்தின் கழிவுநீரும் அதை ஒழித்தன. 2021-ல் மெக்ஸிக்கோ தன் 50 பெஸோ நோட்டில் அதன் படத்தை அச்சிட்டது. கிட்டங்கி நிறையச் சரக்கு இருக்கிறது. விளைந்த தோட்டந்தான் காய்ந்துவிட்டது. இதை லாபம் என்று எந்தக் கணக்கப்பிள்ளை எழுதுவார்?

நம் ஊரில் இருக்கும் அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. நீர்ப்பல்லிக்கு வேண்டியது இருபது டிகிரிக்கு உட்பட்ட நீர். நம் வீட்டில் குழாயைத் திறந்தால் வருவதே முப்பதை ஒட்டி வரும். பேரப்பிள்ளை படத்தில் பார்த்துவிட்டுக் கேட்டால், இரவும் பகலும் தண்ணீரைக் குளிர்விக்கும் இயந்திரத்தின் மின்சாரக் கட்டணத்தைப் பத்து வருஷத்துக்குப் பெருக்கிக் காட்டுங்கள். பெருக்கல் பிள்ளைக்கு நல்லது.

நிற்க. மறுநாள் காலை ஃபஜ்ருக்குப்பின் மருமகனிடம், "ராத்திரி நாம் சொன்னது கடைக்காரன் பேச்சு" என்று சொல்லி, ஆமைக் கதையைச் சொன்னோம். அவர் சிரிக்கவில்லை. "ஓடையில் விட்டுவிடவும் முடியாது மாமு. வெளிநாட்டுப் பிராணியை இங்கே வெளியில் விடுவது 1981-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். நோயும் பரவும்" என்றார். அப்புறம் நாமும் அவருமாக உட்கார்ந்து ஒரு தாள் தயாரித்தோம். ஆயுள் இருபதுக்கும் மேல், குளிர்ந்த அறை வேண்டும், நஞ்சு உண்டு, வெளியில் விடலாகாது, வைத்திருக்க முடியாமற் போனால் திருப்பிக் கொண்டுவந்து கொடுங்கள், கேள்வி கேட்கமாட்டேன் என்று கடைசி வரி. அந்தத் தாளைப் படித்துக் கையெழுத்திட்டவர்களுக்கு மட்டும் இரண்டு மூன்றாகக் கொடுப்பது என்று ஏற்பாடு. மொத்தமாகக் கேட்ட கடைக்காரர் தாளைப் பார்த்ததும், வேண்டாம் என்று போய்விட்டாராம். 700 பவுன் போயிற்று. ஓராண்டில் ஐம்பத்திரண்டு குஞ்சுகள் வீடு மாறின, நான்கு திரும்பி வந்தன, சில இறந்தன, மிச்சத்துக்கு அவர் இன்னும் பூச்சி வளர்க்கிறார்.

2025 ஏப்ரலில் அவரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. இனிக் குஞ்சு வேண்டாம் என்று முடிவு செய்து, பருவம் தொடங்கும் முன்பே தொட்டியிலிருந்து செடிகளை எல்லாம் எடுத்துவிட்டாராம். மடிப்பதற்கு இலை இல்லை. பெண் நீர்ப்பல்லி இரண்டு நாள் தொட்டி முழுவதும் தேடியிருக்கிறது. மூன்றாம் நாள் கூழாங்கல்லின்மேலும், வெறுங்கண்ணாடியின்மேலும் ஒவ்வொன்றாக ஒட்டி வைக்கத் தொடங்கிவிட்டது. பின்னங்காலால் இல்லாத இலையை மடிப்பதுபோல் மடித்துக்கொண்டே. அந்த முட்டைகளைப் பொரிக்கும் முன்பே எடுத்து எறிந்துவிடலாமா, கூடாதா என்று கேட்டிருக்கிறார். பெரிய ஆலிம் ஒருவரிடம் கேட்டு எழுதுங்கள் மாமு என்றும், அதற்கு முன் உங்களுக்கு என்ன தோன்றுகிறது என்பதையும் எழுதுங்கள் என்றும் அடியில் ஒரு வரி.

ஆலிமிடம் கேட்டாயிற்று, அவர் சொன்னதும் எழுதியாயிற்று. இரண்டாவது கேள்விக்கு நாம் இன்னும் பதில் எழுதவில்லை.